மூட்டு மாற்றிய காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி வீட்டுக்கு அழைத்து வந்த அன்று நான் முதலில் செய்தது, முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை வைத்ததுதான். முட்டி லேசாக மடங்கியிருந்தால் வலி குறையும். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட், வணக்கம் சொன்ன கையோடு அந்தத் தலையணையை உருவி எடுத்துவிட்டார்.

முட்டி மடங்கியபடியே கிடந்தால் அதன் பின்பக்கம் அப்படியே இறுகிவிடும். பிறகு கால் முழுதாக நீளாது, சாய்ந்து சாய்ந்துதான் நடக்க வேண்டியிருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு மடக்க முடியுது?" என்றே கேட்கிறார்கள். நீட்ட முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. காலை உயர்த்தி வைக்க வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டியின் பின்னால் எதுவும் இருக்கக் கூடாது. நான் தினமும் அம்மாவின் முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்து, "அழுத்துங்கம்மா" என்பேன். முதலில் கை தாராளமாகப் போய் வந்தது. இரண்டு வாரத்தில் என் விரல்கள் நசுங்கின. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மடக்குவதும் வேண்டும்தான். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ ஏறக்குறைய 90 டிகிரி தேவை. முதல் சில வாரங்களில் உள்ளே தழும்புத் திசு வளர்வதால், அப்போதே பழக்காவிட்டால் பின்னால் கஷ்டம். அதற்காக வீட்டில் உள்ளவர்கள் காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்கக் கூடாது.

"மாத்திரை சூடு" என்று வலி மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் பயிற்சியையும் சேர்த்தே தவிர்க்கிறார்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை எப்போது போட்டால் பயிற்சி நேரத்தில் வலி அடங்கியிருக்கும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், கால் கொஞ்சம் தேறியதும் ஒரே மூச்சில் நடந்துவிட்டு மாலையில் பலூன் மாதிரி வீங்கிப்போய் உட்காருகிறவர்களும் உண்டு. வீங்கிய முட்டி மடங்காது. ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். நடந்த பிறகு துணியில் சுற்றிய ஐஸ், 15 முதல் 20 நிமிடம்.

எண்ணெய் தேய்த்து உருவுவது, பத்துப் போடுவது, வெந்நீர் ஒத்தடம் எதுவும் இப்போது வேண்டாம். காயத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த அறுவைக்குப் பிறகு கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதுண்டு. அந்தக் காலை உருவிவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுக்கு.

படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னே. கைப்பிடியை விடக் கூடாது.

தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, முட்டிக்குள் 'டக்' என்று கேட்பது, தொட்டால் இன்னொரு முட்டியைவிட இது கொஞ்சம் சூடாக இருப்பது இவையெல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம். அம்மா அந்த 'டக்' சத்தத்துக்குப் பயந்து இரண்டு நாள் பயிற்சியை நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டில் அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.