கன்ட்ரி-பாப் காதல் பாட்டை மென்மையாகப் பாடுவது எப்படி? தொடக்கநிலைப் பாடகர்களுக்கு

கன்ட்ரி-பாப் என்பது அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியும் பாப்பும் கலந்த பாணி. இதில் மெதுவான காதல் பாட்டு என்றதும் புதிதாகப் பாட வருபவர்கள் பலரும் குரலில் காற்றைக் கலந்து கிசுகிசுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான்கு வரி போவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும், சுருதியும் இறங்கிவிடும். இந்த வகைப் பாட்டில் சத்தம்தான் குறைய வேண்டும். நாதம் முழுசாக இருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் பயிற்சியும் இதற்காகத்தான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆள் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ். ஆரம்பத்தில் அவரும் உரக்கப் பாடியவர்தான். 1957-இல் ‘ஃபோர் வால்ஸ்’ பாடலுக்கு சுருதியைத் தாழ்த்தி, உதடு மைக்கில் உரசும் அளவுக்கு நெருங்கி நின்று பாடினார். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அதற்குத் துணை நின்றார். 1959 கடைசியில் வந்த ‘ஹீல் ஹேவ் டு கோ’ பாட்டில் அந்தப் பாணி முழுமையாக இருக்கிறது. அதையே பயிற்சிப் பாட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1: சுருதியை முடிவு செய்யுங்கள்

அந்தப் பாட்டு மந்தர ஸ்தாயிக்கு, அதாவது குரலின் தாழ்ந்த பகுதிக்கு, நன்றாக இறங்கும். அவர் சுருதியிலேயே பாட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கரோக்கி செயலியில் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏற்றிக்கொண்டே போங்கள். பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் கரகரக்காமல் ஒலிக்கும் இடம்தான் உங்கள் சுருதி.

படி 2: மூச்சு

இரண்டு கைகளையும் விலாவின் கீழ்ப்பகுதியில் வையுங்கள். மூக்கால் சத்தமில்லாமல் மூச்சை இழுங்கள். விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள் ஏறக் கூடாது. பிறகு ‘ஸ்ஸ்’ என்று 15 விநாடிகள் ஒரே சீராக விடுங்கள். விடும்போது விலா சட்டென்று சரியாமல் மெல்ல மெல்ல உள்ளே வரட்டும். இதைச் சலிக்காமல் தினமும் செய்யுங்கள்.

விலாவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அமெரிக்க கன்ட்ரி பாடகி பாட்ஸி க்ளைன் 1961 ஜூனில் கார் விபத்தில் மோசமாக அடிபட்டார். ஆகஸ்டில் ‘கிரேஸி’ பதிவுக்கு வந்தபோது விலா வலியால் அந்தப் பாட்டின் மேல் ஸ்வரங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. வாத்தியங்களை மட்டும் அன்று பதிவு செய்துவிட்டு, சில வாரங்கள் கழித்து வந்து குரலைச் சேர்த்தார். மென்மையாக ஒலிக்கும் அந்தப் பாட்டுக்கும் அவ்வளவு மூச்சு பலம் வேண்டியிருந்தது.

படி 3: ஸ்ட்ராவில் பாடுங்கள்

மெல்லிய ஸ்ட்ராவை உதட்டில் இறுக்கிப் பிடித்து, பாட்டின் மெட்டை அதன் வழியே ‘ஊ’ என்று பாடுங்கள். மூக்கில் காற்று வரக் கூடாது. சந்தேகமாக இருந்தால் மூக்கைப் பொத்திப் பாருங்கள், ஒலி மாறாமல் இருந்தால் சரி. ஸ்ட்ரா தரும் எதிர் அழுத்தத்தால் குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் இலகுவாக அதிரும். இரண்டு மூன்று நிமிடம் போதும். ஸ்ட்ராவை எடுத்ததும் அதே வரியைச் சொற்களோடு பாடுங்கள்.

படி 4: சொற்கள்

நம் நாக்குக்கு அதிக வேலை இங்கேதான். தமிழில் ‘ட்’ சொல்ல நாக்கை மேலே மடிக்கிறோம். ஆங்கில ‘ட்’டுக்கு நாக்கின் நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டால் போதும். மடித்துச் சொன்னால் ‘டைட்’, ‘நைட்’ போன்ற சொற்கள் மெதுவான பாட்டில் ஆணி அடித்தது போலக் கேட்கும்.

அடுத்தது ‘ஐ’. ‘டைம்’ என்பதை நீட்டும்போது பலரும் சீக்கிரமே ‘இ’க்குப் போய், அங்கேயே நின்றுவிடுகிறார்கள். குரல் கீச்சென்று ஒடுங்கிவிடும். ‘டா...’ என்று ஆகாரத்திலேயே நின்று, கடைசி நொடியில் ‘ய்ம்’ என்று மூடுங்கள். அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சில் இந்த ‘ஐ’ கிட்டத்தட்ட ‘ஆ’வாகவே ஒலிக்கும். அந்த உச்சரிப்பை அப்படியே காப்பியடிக்க வேண்டாம், செயற்கையாகத் தெரியும். ஆகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொற்களைச் சேர்த்துப் பாடுங்கள். ‘லவ் இஸ்’ என்பது ‘லவிஸ்’ ஆகட்டும்.

படி 5: அலங்காரம்

கர்நாடக இசை கற்றவர்கள் இங்கே கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதை, ஒதுக்கி வைக்க வேண்டும். கார்வையை (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தை) அசைவில்லாமல் பிடியுங்கள், முடியும் தறுவாயில் மட்டும் லேசான அதிர்வு. ஸ்வரத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி ஜாரு போல வழுக்கி ஏறுவது கன்ட்ரிக்கே உரிய அழகு. ஒரு சரணத்தில் ஒன்றிரண்டு இடம் போதும்.

படி 6: மைக்

மேடைகளில் பயன்படும் சாதாரண கையடக்க மைக்குகள் பலவற்றிலும் நெருங்க நெருங்கக் குரலின் கீழ்ப்பகுதி கனமாகும். இரண்டு மூன்று விரல் இடைவெளியில் நின்று பாடுங்கள். உச்சத்தில் ஒரு சாண் பின்வாங்குங்கள். ‘ப்’ வெடித்தால் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

இப்போது பாடுங்கள். இந்தப் பாட்டே தொலைபேசியில் ஒருவன் காதலியோடு பேசுவதுதான். அதனால் முதலில் வரிகளைப் போனில் பேசுவது போலச் சொல்லிப் பாருங்கள். அதே சத்த அளவில் மெட்டைச் சேருங்கள். பதிவு செய்து, ஹெட்போனில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் கேளுங்கள். அது காற்றாகத் தேய்ந்தால் மறுபடி படி 2. பிசிறில்லாமல் முடிந்தால் அடுத்த சரணத்துக்குப் போகலாம்.