கணினி திறக்கவில்லையா? முதல் அரை மணி நேரம் கையை அடக்கி வையுங்கள்

சாயங்காலம் நாலரை மணிக்கு இடி இடிக்கும். வீட்டு விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரியும். மழை விட்டதும் கணினியைப் போட்டுப் பார்த்தால் அசையாது. கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். செந்தூலில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் யார் வீட்டுக் கணினி மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: பழுதால் போன கணினிகளைவிட, பழுது பார்க்கிறேன் என்று அவசரப்பட்ட கையால் போன கோப்புகள்தான் அதிகம்.

முதல் தவறு, எது ஓடவில்லை என்று பார்க்காமலே "ஓடவில்லை" என்று முடிவு கட்டுவது. பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, காற்றாடியும் சுற்றவில்லை என்றால் அது மின்சாரத்தின் பிரச்சினை. காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் அது வேறு. கம்பெனி சின்னம் வந்து, அதற்குப் பிறகு நீலத் திரையோ ஏதோ ஒரு வாசகமோ வந்தால் அது முற்றிலும் வேறு. அந்த வாசகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். "என்னமோ இங்கிலீஷில் வந்துச்சு அண்ணே, அணைச்சிட்டேன்" என்று சொன்னால் நான் இருட்டில் தேட வேண்டியதுதான்.

மின்சாரமே வரவில்லை என்றால், கணினிப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். அதே பிளக் பாயிண்டில் மேசைக் காற்றாடியைச் செருகினால் ஓடுகிறதா? எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகினால்? நம் ஊர் மூன்று முள் பிளக்கின் உள்ளே ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. இடிக்குப் பிறகு அது மட்டும் போயிருந்த வீடுகள் உண்டு. அதே அளவு பியூஸை ஹார்ட்வேர் கடையில் வாங்கி மாற்றுங்கள். அதுவும் போனால் அத்தோடு நிறுத்துங்கள். பியூஸ் இருக்கும் இடத்தில் அலுமினியத் தாளைச் சுற்றி வைப்பது வீட்டுக்கே தீ வைக்கிற வேலை. கணினியைப் போட்டதும் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்துவிடுகிறது என்றாலும் அப்படித்தான், இன்னொரு முறை போட்டுப் பார்க்காதீர்கள்.

கணினிப் பெட்டியின் பின்புறம், கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். கூட்டும்போது துடைக்கும்போது அது தெரியாமல் அணைந்திருக்கலாம். சில பழைய பெட்டிகளில் அங்கேயே 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தியும் இருக்கும். அதைத் தொடவே கூடாது. நமக்கு வருவது 230 வோல்ட். அதை 115 பக்கம் தள்ளிவிட்டுப் பட்டனை அழுத்தினால், ஒரே சத்தத்தில் பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, வெடித்துவிடும். அந்த பவர் சப்ளையை வீட்டில் பிரிக்கவும் வேண்டாம். கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். நம் வீடுகளில் சூடு தேடிப் போன பல்லி உள்ளே கருகிக் கிடப்பது அதிசயமே இல்லை. பவர் சப்ளையை மாற்ற வேண்டுமென்றால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

மடிக்கணினி என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகிப் போட்டால் பல நேரம் எழுந்துவிடும்.

அப்புறம் கறுப்புத் திரை. திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில், திரைக் கம்பியை அந்தக் கார்டில் செருகாமல், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் இருக்கும் ஓட்டையில் செருகிவிட்டுக் கணினி செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. வீட்டை ஒதுங்க வைத்த மறுநாள் இது நடக்கும். கம்பி சரியாக இருந்தால் அடுத்து நான் சந்தேகப்படுவது ரேம் என்ற நினைவகப் பட்டையைத்தான், ஏனென்றால் நம் ஊர் ஈரக்காற்றில் அதன் தங்க நிற விளிம்பில் மங்கல் படிந்துவிடும். கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, கணினிப் பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் முனையில் இருக்கும் கவ்விகளைத் தள்ளினால் அது மேலே எழும். விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேயுங்கள். துகளை நன்றாகத் துடைத்துவிட்டு, கவ்வி "டக்" என்று விழும்வரை இரு பக்கமும் அழுத்துங்கள். பயந்து பயந்து அரைகுறையாக அழுத்துவதுதான் இங்கே நடக்கும் தவறு. டிடிஆர்5 என்ற புது வகை ரேம் உள்ள புதுக் கணினி என்றால் இன்னொன்றும் உண்டு. ரேமை மாற்றிய பிறகு முதல்முறை போடும்போது சில நிமிடம் கறுப்பாகவே இருந்து தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்குள் பொறுமை இழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

சரி, சின்னம் வந்து அதற்கு மேல் போகவில்லை என்றால்? கோப்புகள் போவது இந்தக் கட்டத்தில்தான்.

எனக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். பதினொரு வருடமாகத் தட்டச்சு செய்த கேள்வித்தாள்களும் பாடக்குறிப்புகளும் அவருடைய வீட்டுக் கணினியில் இருந்தன. ஒரு நாள் காலையில், இயக்க ஏதும் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வந்து நின்றுவிட்டது. அக்காள் மகன் வந்தான். நல்ல பையன், உதவத்தான் வந்தான். செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடைய விண்டோஸ் பென் டிரைவைச் செருகினான். பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். கணினி ஓடியது. மறு வாரம் ஆசிரியை தன் பென் டிரைவைச் செருகிவைத்தபடியே கணினியைப் போட்டபோது, அதே வரி மறுபடி வந்து நின்றது. கணினிக்கு ஒன்றுமே ஆகவில்லை. டிஸ்க்குக்குப் பதிலாக அந்தப் பென் டிரைவிலிருந்து எழப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். பிடுங்கிவிட்டுத் திரும்பப் போட்டிருந்தால் போதும்.

என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே இருந்தது எஸ்.எஸ்.டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். எஸ்.எஸ்.டியில் பிரிவை அழித்துப் புதிதாக பார்மட் செய்தால், பழைய இடமெல்லாம் காலி என்று விண்டோஸ் அதனிடம் சொல்லிவிடும்; அதுவும் துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தோண்டி எடுப்பதுபோல் இதில் எடுக்க முடியாது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்ன அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் முதலில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். விசைப்பலகையும் சுட்டியும் மட்டும் இருக்கட்டும். விண்டோஸ் ஒரு சில தடவை எழ முடியாமல் போனால் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்கு வரும். அங்கே தொடக்கப் பழுதுநீக்கம், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குதல், பழைய நிலைக்குத் திரும்புதல் எல்லாம் இருக்கும். அவற்றை முயலலாம். "ரீசெட்" என்பதை மட்டும் கோப்புகளை வெளியே எடுக்கும்வரை தொடாதீர்கள். கோப்புகளை வைத்துக்கொள் என்ற தேர்வு இருந்தாலும், நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும்.

பழைய வகை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். விண்டோஸின் செக் டிஸ்க் சோதனையை ஓட்டுவது, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது எல்லாம் சாகக் கிடக்கும் ஆளை ஓட வைப்பது போலத்தான். பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர்தான் படியும்.

நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டால் பயப்பட வேண்டாம். அது டிஸ்க்கில் இருப்பதைப் பாதுகாக்க விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் கணினி என்றால், கைப்பேசியில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்கும். எண் கையில் இல்லாமல், விண்டோஸுக்கு முன் ஓடிக் கணினியை எழுப்பும் பயாஸின் அமைப்புகளை அழிப்பதும் அதைப் புதுப்பிப்பதும் வேண்டாம், ஏனென்றால் அந்தப் பூட்டு விழுவதற்கு அவையே காரணமாகிவிடும். கடிகாரம் பழைய வருடத்தைக் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சில ரிங்கிட்தான்.

கோப்புகளை எடுக்க, எஸ்.எஸ்.டியைக் கழற்றி யு.எஸ்.பி பெட்டியில் போட்டு இன்னொரு கணினியில் செருகலாம். எஸ்.எஸ்.டிகள் ஒன்றுபோல் இருக்காது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், சின்னப் பட்டை வடிவ எம்.2 வகையிலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு முறைகள் உண்டு, தவறான பெட்டியை வாங்கினால் வேலை செய்யாது. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போகும்போது எஸ்.எஸ்.டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கணினியைக் கடையில் விடுவதானால், "உள்ளே இருப்பதை அழிக்கக் கூடாது, அழிக்க வேண்டுமானால் முதலில் எனக்குப் போன் செய்ய வேண்டும்" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கவுண்டரில் நிற்கும் தம்பியோடு நின்றுவிடும், பின்னால் உட்கார்ந்து வேலை செய்பவருக்குப் போகாது. அந்த ரசீதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.