அபாயம் மிகுந்த நோயாளிக்குக் கால் பைபாஸ்: பலனை எடைபோடுவது எப்படி?

காலுக்குச் செல்லும் தமனி அடைபட்டு, படுத்திருக்கும்போதும் வலி அடங்காத நிலையிலோ, புண் ஆறாமல் விரல் கறுத்துப்போன நிலையிலோ மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதய நோய், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுள் ஒன்றேனும் ஏற்கெனவே இருக்கும். பைபாஸ், அதாவது அடைப்பைத் தாண்டி வேறொரு குழாயைப் பொருத்தி இரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் அறுவை, என்று மருத்துவர் சொன்னவுடன் குடும்பத்தார் கேட்பது, வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதே. இந்தக் கேள்விக்கு ஒற்றை எண் பதிலாக வந்தால் அதை ஏற்பதற்கு முன், அது எதன் வெற்றி என்று கேட்க வேண்டும். பொருத்திய குழாய் திறந்திருப்பது, கால் மிஞ்சுவது, நோயாளி உயிரோடிருப்பது, அவர் மீண்டும் நடப்பது ஆகிய நான்கும் வெவ்வேறு கணக்குகள்.

இந்த வேறுபாட்டைக் காண 1,404 நோயாளிகள் பங்கேற்ற பிரிவென்ட்-3 ஆய்வு உதவும். அனைவருக்கும் அவர்களுடைய சொந்தச் சிரையைக் கொண்டே பைபாஸ் செய்யப்பட்டது. முதல் 30 நாளில் இறந்தோர் 2.7 சதவீதம். ஓராண்டு முடிவில் மறு தலையீடு ஏதுமின்றித் திறந்திருந்த குழாய்கள் ஏறத்தாழ 61 சதவீதம். இடையில் சரிசெய்யப்பட்டவற்றையும் சேர்த்தால் 80 சதவீதம். காப்பாற்றப்பட்ட கால்கள் 88 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் 84 சதவீதம். 61-க்கும் 80-க்கும் இடையிலுள்ள இடைவெளி, மீண்டும் மருத்துவமனைக்கு வந்து குழாயைச் சீர்செய்துகொண்டவர்களைக் குறிக்கிறது. குழாய் அடைபட்ட பிறகும் சில கால்கள் தப்புவதற்குக் காரணம், புண் ஆறுவதற்குத் தேவைப்படும் இரத்தத்தைவிட ஆறிய காலுக்குத் தேவைப்படும் இரத்தம் குறைவு என்பதே.

ஆனால் இவை சராசரிகள். உங்கள் நோயாளி சராசரிக்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதை அறிய, அதே ஆய்விலிருந்து உருவான மதிப்பெண் முறையைப் பயன்படுத்தலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு 4, புண் அல்லது அழுகல் இருந்தால் 3, வயது 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2, ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 30 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 2, முற்றிய இதயத் தமனி நோய்க்கு 1 என்று கூட்ட வேண்டும். மொத்தம் 3 வரை இருந்தால் ஓராண்டு கழித்துக் காலை இழக்காமல் உயிரோடிருக்கும் வாய்ப்பு 86 சதவீதத்தை ஒட்டியும், 4 முதல் 7 வரை 73 சதவீதத்தை ஒட்டியும், 8-ஐத் தொட்டுவிட்டால் 45 சதவீதத்தை ஒட்டியும் காணப்பட்டது. டயாலிசிஸில் இருக்கும், பாதத்தில் புண் உள்ள 78 வயதுக்காரர் இதன்படி 9 மதிப்பெண் பெறுவார். அதாவது பாதிக்கும் குறைவான வாய்ப்பு. எனினும் இந்த எண், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறதே தவிர, செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லவில்லை. எனவே இதை மட்டும் காட்டி அறுவைச் சிகிச்சையை மறுப்பது தவறு.

2019-இல் வெளியான உலகளாவிய வழிகாட்டு நெறிகள், அறுவையை ஒட்டிய இறப்பு 5 சதவீதம் அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கப்படுபவரையும், இரண்டாண்டு உயிர்வாழும் வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டாதவரையும் அபாயம் மிகுந்தவர் என்று வகைப்படுத்துகின்றன. இரண்டாவது அளவுகோலே என் கருத்தில் முதன்மையானது. பைபாஸின் விலையை நோயாளி முதல் சில வாரங்களிலேயே செலுத்திவிடுகிறார். அதன் ஆதாயமோ ஆண்டுக்கணக்கில்தான் கைக்கு வருகிறது. படுக்கையை விட்டு எழாதவருக்கும், கைத்தடியோடு வீட்டுக்குள் தாமே நடமாடிக்கொண்டிருந்தவருக்கும் ஒரே மதிப்பெண் வரக்கூடும் என்பதால், நோய் முற்றுவதற்கு முன் அவர் எவ்வாறு நடந்தார், யார் துணையின்றி எவற்றைச் செய்தார் என்பதையும் மருத்துவரிடம் நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். இது ஸ்கேனில் தெரியாது.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது சிரையைப் பற்றி. தொடையின் உட்புறச் சிரை டாப்ளர் ஸ்கேனில் போதிய அகலத்துடன் தொடர்ச்சியாகத் தெரிகிறதா என்பது, பைபாஸா, அடைபட்ட தமனியை உள்ளிருந்தே விரிக்கும் பலூன் சிகிச்சையா என்ற முடிவையே மாற்றக்கூடும். 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்டிஐ ஆய்வில், நல்ல சிரை உடையவர்களுக்கு முதலில் பைபாஸ் செய்தபோது இறப்போ, காலில் பெரும் பாதிப்போ நேர்ந்தது 42.6 சதவீதம், முதலில் பலூன் அல்லது ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தபோது அது 57.4 சதவீதம். நல்ல சிரை இல்லாதவர்களிடம் இத்தகைய தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆனால் 2023-இல் வெளியான பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களிடம் இதற்கு மாறான விடையைத் தந்தது: கால் இழப்போ இறப்போ பைபாஸ் பிரிவில் 63 சதவீதம், பலூன் பிரிவில் 53 சதவீதம், வேறுபாட்டின் பெரும்பகுதி இறப்பினால் வந்தது. பெஸ்ட்-சிஎல்டிஐ ஆய்வில், திறந்த அறுவையைத் தாங்கமாட்டார் என்று கருதப்பட்டவர்கள் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் 42.6 சதவீதத்தை மிக நலிந்த ஒருவருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும்.

காலை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பான வழி என்ற எண்ணமும் ஆராயப்பட வேண்டியது. முழங்காலுக்கு மேல் காலை அகற்றுவது நலிந்த உடலுக்குச் சிறிய அறுவையன்று. அதிலும் இறப்பு உண்டு. ஆகவே மருத்துவரிடம் பைபாஸ், பலூன், கால் அகற்றல், புண் பராமரிப்பும் வலி நிவாரணமும் மட்டும் என்ற நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஓராண்டு கழித்து இவர் எந்நிலையில் இருப்பார் என்று கேளுங்கள்.

பைபாஸ் என்று முடிவானால், அதற்கு முன் இதயத்தைச் சரிசெய்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். 2004-இல் வெளியான கார்ப் ஆய்வில், நிலையான இதய நோயுள்ளவர்களுக்கு இரத்தக்குழாய் அறுவைக்கு முன்பே இதயத் தமனி அடைப்பை நீக்கியது ஆயுளைக் கூட்டவில்லை. காத்திருக்கும் காலம்தான் கூடியது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஏற்கெனவே எடுப்பவர் தொடர வேண்டும். எடுக்காதவருக்கு அறுவை நாளன்று புதிதாகத் தொடங்கியபோது பக்கவாதமும் இறப்பும் கூடியதை 2008-இல் போயிஸ் ஆய்வு காட்டியது. புகையை நிறுத்துவதும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பதும், இரத்தச்சோகையின் காரணத்தைக் கண்டறிவதும் பயன் தரும். ஆனால் சீழ் பிடித்த பாதம் இவற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருக்காது.

வீடு திரும்பியபின் தொடை இடுக்குக் காயத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். நீர் கசிந்தாலோ சிவந்தாலோ தாமதிக்கக்கூடாது. முதல் மாதத்தில் குழாய் அடைபட்டால் பெரும்பாலும் தொழில்நுட்பக் குறையே காரணம். அதன்பின் இரண்டாண்டு வரை குழாயின் உட்சுவர் தடிப்பதே முக்கியக் காரணம். இந்தத் தடிப்பு வலி தருவதற்கு முன்பே ஸ்கேனில் தெரியும் என்பதால், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி முதலிரண்டு ஆண்டுப் பரிசோதனைகளைத் தவிர்க்க வேண்டாம். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, மரத்துப்போனால் மறுநாள் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்லலாம் என்று காத்திராமல், அப்போதே அவசரப் பிரிவுக்குச் சென்று, எந்தத் தேதியில் எந்தக் காலில் பைபாஸ் செய்யப்பட்டது, சிரையா செயற்கைக் குழாயா என்று எழுதிய தாளைக் கொடுக்க வேண்டும்.