தொற்றுக்காலத்திலும் அதன் பின்னரும் இளையோர் நீதிப் பணி

ஊரடங்கு தொடங்கியதும், குற்ற வழக்கில் சிக்கி உங்கள் கண்காணிப்பிலுள்ள சிறாரில் வீட்டில் வன்முறைக்கு ஆளாகக்கூடியவர், தம்மையே காயப்படுத்திக்கொள்ளக்கூடியவர், பிறருக்குத் தீங்கு செய்யக்கூடியவர் யார் யாரென்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இவர்களை நேரில் சந்திப்பதை, வாசலுக்கு வெளியே முகக்கவசத்துடன் இடைவெளி விட்டு நின்றாவது, தொடரத்தான் வேண்டும். மற்றவர்களைத் தொலைபேசியில் அழைக்கலாம். ஆனால் அருகில் பெரியவர் நின்றால் "ஆமாம்", "இல்லை" என்பதற்கு மேல் பதில் வராது என்பதால், தனியாக இருக்கிறாரா என்று கேட்டு, இல்லையெனில் வேறு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். காணொலி விசாரணைக்கு முன் வழக்கறிஞருடன் தனித்துப் பேச வழிசெய்யுங்கள்.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, சிறாரைக் காவலில் வைப்பதைக் கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கே அனுமதிக்கிறது. ஆகவே விசாரணை தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் விடுவிப்புக்கான வாய்ப்பை மீண்டும் ஆராய வேண்டும். தொற்று தணிந்தபின், தேங்கிய வழக்குகளில் காவலில் இருப்போருக்கும், சில நாடுகளின் சட்டப்படி தாமதத்தாலேயே பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்குப் போய்விடக்கூடிய, 18 வயதை நெருங்குவோருக்கும் முன்னுரிமை கொடுங்கள்.