சிதறிய குறியும் நான்கு திருகுகளும்

டெக்சாஸில் வெள்ளைவால் மான் வேட்டைக்காக, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் இடும் கன்டென்டர் என்ற கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தேன். 1967இல் வந்த வடிவமைப்பு, குழலை மாற்றிக்கொள்ளலாம். எனது 14 அங்குலக் குழல், 30-30 என்ற வகைத் தோட்டா.

100 கஜத்தில் முதல் ஐந்து குண்டுகளும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. பிறகு ஒரே சிதறல். தோட்டாவை மாற்றியும் பயனில்லை. துப்பாக்கிமேல் பொருத்திய, குறிபார்க்கும் தொலைநோக்கியை விரலால் தள்ளிப் பார்த்தேன், மயிரிழை அளவு அசைந்தது! எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் நான் முடுக்கிய அதன் நான்கு திருகுகள், சுடும்போது வரும் பின்னுதைப்பில் தளர்ந்திருந்தன.

குழலைத் திறந்து, தோட்டா இல்லை என்று இருமுறை உறுதிசெய்தேன். திருகுகளை ஸ்பிரிட்டால் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு சொட்டு வைத்து, அளவாக முடுக்கி, ஓர் இரவு உலரவிட்டேன். மறுநாள் குழலை மணல்மூட்டையில் படவிடாமல், குழலின் அடியில் உள்ள முன்கட்டையை மட்டும் அதன்மேல் வைத்துச் சுட்டேன். குண்டுகள் மீண்டும் ஒன்றுகூடின.

தொலைநோக்கி, கையை நீட்டிப் பிடித்தே பார்க்கும்படி கைத்துப்பாக்கிக்கென்றே செய்ததாக இருக்கட்டும். ரைஃபிளுக்குரியதில் கண்ணருகே வைத்தால்தான் தெரியும்; அப்படிக் கொண்டுவந்தால், உதைப்பில் புருவம் கிழியும்.