குறைந்த விலையில் வீடியோ ட்ரைபாட்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டு மீன் ஏலத்தையும் வியாசர்பாடிக் கால்பந்தாட்டத்தையும் தெருமுனைக் கானா கச்சேரியையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும் இளைஞர்கள் வடசென்னையில் பலர் இருக்கிறார்கள். கேமராவுக்கும் மைக்குக்கும் நாள்கணக்கில் விசாரித்துச் செலவு செய்யும் இவர்களில் பெரும்பாலானோர், ட்ரைபாட் என்று வரும்போது கையில் மிஞ்சிய பணத்துக்குக் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தால், இடமிருந்து வலமாகக் கேமரா திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் காட்சி வெட்டி வெட்டி நகர்கிறது. குறைந்த விலைக்கு வாங்குவதில் எந்தப் பிழையும் இல்லை. கொடுக்கும் பணம் ட்ரைபாட்டின் எந்த உறுப்புக்குப் போய்ச் சேர்கிறது என்று பாராமல் வாங்குவதில்தான் எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

முதல் தவறு, புகைப்படத்துக்கான ட்ரைபாட்டை வீடியோவுக்கு வாங்குவது. புகைப்படக்காரருக்குக் கேமரா ஓரிடத்தில் அசையாமல் நின்றால் போதும். எனவே அவருடைய ட்ரைபாட்டின் ஹெட், அதாவது கேமராவைத் தாங்கும் மேற்பகுதி, எல்லாப் பக்கமும் சாய்ந்து ஒரே திருகில் இறுகும் பால் ஹெட்டாக இருக்கும். வீடியோ எடுப்பவருக்கோ நிற்பதைப் போலவே நகர்வதும் முக்கியம். கேமரா கிடைமட்டமாகத் திரும்பும்போது மேலும் கீழும் ஆடக் கூடாது. மேலும் கீழும் சாயும்போது பக்கவாட்டில் விலகக் கூடாது. இதற்கு இரண்டு அச்சுகளும் தனித்தனியாக இயங்குகிற, நீண்ட கைப்பிடி உள்ள வீடியோ ஹெட் வேண்டும். கால்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மேலே பால் ஹெட் இருக்கும்வரை கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுக்கும் பான் ஷாட்டைச் சீராக எடுப்பது மிகக் கடினம்.

வீடியோ ஹெட்டிலும் இரண்டு வகை உண்டு. விலை மலிவானவற்றில் உலோகமோ பிளாஸ்டிக்கோ ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்துதான் இறுக்கம் கிடைக்கிறது. நின்றுகொண்டிருக்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பொருளைத் தொடர்ந்து நகர்த்தத் தேவைப்படும் விசையைவிட அதிகம் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த இயற்பியல்தான். அதனால் கைப்பிடியை மெல்லத் தள்ளும்போது முதலில் ஒன்றும் அசையாது. சற்று அழுத்தினால் சட்டென்று விடுபட்டுத் தாவும். ஃப்ளூயிட் ஹெட்டில் இரண்டு பரப்புகளுக்கும் நடுவே அடர்த்தியான பிசுபிசுப்புத் திரவம் இருப்பதால், வேகம் கூடக்கூடத் தடையும் கூடுகிறது. மெதுவாகத் தொடங்கும்போது தடை குறைவாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எரிக் மில்லர் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படைக் கோட்பாடு அதுவே. சிக்கல் என்னவென்றால், மலிவான ஹெட்டுகள் பலவற்றில் உராயும் பரப்பின்மீது கொஞ்சம் கிரீஸைத் தடவிவிட்டு, பெட்டியில் ‘ஃப்ளூயிட்’ என்று அச்சிட்டுவிடுகிறார்கள். பெட்டியைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே சொந்தக் கேமராவை எடுத்துச் செல்லாமல் கடைக்குப் போவதை ஒரு பெரிய தவறாகவே நான் கருதுகிறேன். ரிச்சி தெருவோ பர்மா பஜாரோ, எந்தக் கடையாக இருந்தாலும், ட்ரைபாட்டைத் தரையில் ஊன்றி, கால்களை முழுமையாக நீட்டி, கேமராவைப் பொருத்தி, லென்ஸை இயன்ற அளவு ஜூம் செய்து, எதிர்வரிசைக் கடையின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தை நடுவில் நிறுத்துங்கள். பிறகு இரண்டு விரல்களால் மட்டும் கைப்பிடியைப் பிடித்து, அடுத்த எழுத்துக்கு மிக மெதுவாகப் போங்கள். தொடக்கத்தில் எழுத்து துள்ளுகிறதா என்று முதலில் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, நிறுத்திவிட்டுக் கையை எடுத்ததும் நடப்பது. நல்ல ஹெட்டில் எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும். மட்டமான ஹெட்டில் அது வந்த வழியே ஒரு மயிரிழை பின்வாங்கும். பலகையின் ஓரத்தில் நிறுத்த நினைத்த காட்சி ஓரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். இந்தப் பின்வாங்கலை எடிட்டிங்கில் முழுவதுமாகச் சரிசெய்ய வழியே இல்லை. கடைசியாக, ஒரு காலைச் சுண்டிவிட்டு, திரையில் நடுக்கம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். இவ்வளவையும் செய்ய ஐந்து நிமிடம் போதும். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

அடுத்தது எடைக் கணக்கு. பெட்டியில் ‘5 கிலோ தாங்கும்’ என்று போட்டிருந்தால், அந்த எடையை வைத்தாலும் கால்கள் மடங்காது என்பதே பெரும்பாலும் அதற்குப் பொருள். அந்த எடையோடு கேமரா சீராகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கேமரா, லென்ஸ், மைக், விளக்கு, மானிட்டர் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் வீட்டுத் தராசில் ஒன்றாக வைத்து நிறுத்துப் பார்த்து, அதைப் போல இரண்டு மடங்கு தாங்கும் என்று எழுதியுள்ள ட்ரைபாட்டைத் தேடுவது பாதுகாப்பானது.

ஆனால் இந்த அறிவுரையை அளவுக்கு மீறிப் பின்பற்றுவதும் தவறாக முடியும். சற்று விலை கூடிய வீடியோ ஹெட்டுகளில், கேமரா முன்பக்கம் கவிழாமல் எதிர்விசை கொடுக்கும் ஸ்பிரிங் ஒன்று உள்ளே இருக்கும். இதைக் கவுன்டர் பேலன்ஸ் என்பார்கள். குறைந்த விலையில் கிடைப்பவற்றில் இதன் விசை பெரும்பாலும் மாற்ற முடியாதபடி அமைந்திருக்கும். நான்கு கிலோ கேமராவுக்கு அமைத்த ஸ்பிரிங்கின்மீது முக்கால் கிலோ மிரர்லெஸ் கேமராவை வைத்துக் கீழே சாய்த்தால், கையை விட்டதும் அது தானாகவே மேலே எழும். திருமண மண்டபத்தில் மேடையிலிருந்து மணமக்களின் கைகளுக்குச் சாய்க்கும் ஷாட்டில் கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உங்கள் கேமராவின் எடைக்கு ஏற்ற ஹெட் என்று கேளுங்கள். ‘பெரியதாகவே இருக்கட்டும்’ என்ற எண்ணம் இங்கே உதவாது. கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் பொருத்தும் பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்த இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவின் எடை மையம் ஹெட்டுக்கு நேர்மேலே அமைந்தால், சாதாரண ஹெட்டும் நன்றாகவே வேலை செய்யும்.

உயரத்தில் ஏமாறுவது மிக எளிது. விளம்பரத்தில் சொல்லப்படும் உயரம், நடுத்தண்டை முழுவதும் மேலே தூக்கிய நிலையில் அளந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். நடுத்தண்டைத் தூக்கிவிட்டால் மூன்று கால்கள் தரும் உறுதி போய், கேமரா ஒற்றைக் குச்சியின்மீது நிற்கிறது. நின்றுகொண்டு பேசுபவரைப் பேட்டி எடுப்பதற்கு, கேமரா அவருடைய கண் உயரத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் நடுத்தண்டைத் தூக்காமலே ட்ரைபாட் ஏறக்குறைய 150 சென்டிமீட்டராவது எழ வேண்டும். கால்கள் எத்தனை துண்டுகளாக மடிகின்றன என்பதையும் எண்ணுங்கள். ஐந்து துண்டுகளாக மடியும் ட்ரைபாட் பைக்குள் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அதன் கடைசித் துண்டு விரல் பருமன்கூட இருக்காது. வீடியோவுக்கு மூன்று துண்டுகளே நல்லது.

ட்ரைபாட் சாயாமல் நிற்கிறதா என்று காட்டும் நீர்மட்டக் குமிழியைப் பற்றி யாருமே கடையில் கேட்பதில்லை. எண்ணூர்க் கழிமுகத்திலோ காசிமேட்டுத் துறைமுகத்திலோ கடலைப் பின்னணியாக வைத்து எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனெனில் கோணல் எங்கிருந்தாலும் தொடுவானம் காட்டிக்கொடுத்துவிடும். கேமராவை மட்டும் நேராக்கிவிட்டு, ஹெட் சுழலும் அச்சு சாய்ந்திருந்தால், தொடங்கும் இடத்தில் தொடுவானம் நேராக இருந்தாலும், கேமரா திரும்பும்போது அது சரிந்துகொண்டே போகும். ஆகவே நீர்மட்டக் குமிழி ஹெட்டின் அடிப்பாகத்தில் இருப்பது அவசியம். ஹெட்டின் உருண்டையான அடிப்பாகம் கால்களின் உச்சியிலுள்ள கிண்ணத்தில் அமரும் 75 மில்லிமீட்டர் கிண்ண அமைப்புள்ள ட்ரைபாட்டில், கால்களைத் தொடாமலே, அடியிலுள்ள பிடியைத் தளர்த்தி நொடியில் அச்சை நேராக்கலாம். அது கட்டுப்படியாகவில்லை என்றால், கால்களுக்கும் ஹெட்டுக்கும் நடுவே பொருத்தும் லெவலிங் பேஸைப் பின்னால் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஹெட் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கால்களோடு ஒட்டியே வரும் ஹெட்டை எந்த விலையிலும் வாங்க வேண்டாம். ஹெட் பழுதானால் முழு ட்ரைபாட்டும் குப்பைக்குத்தான் போகும். 3/8 அங்குலத் திருகில் ஹெட் அமர்ந்திருந்தால், நாளை கையில் பணம் சேரும்போது ஹெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடலோரத்தில் வேலை செய்பவர்களுக்குக் கால்களின் பூட்டு மற்ற எதையும்விட முக்கியம். விடியற்காலையில் காசிமேட்டு ஏலத் தளத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் உப்புநீரும் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும்தான். திருகிப் பூட்டும் கால்களில், மணலும் உப்பும் திருகின் மரைக்குள் புகுந்துவிட்டால், சில வாரங்களில் பூட்டு திறக்கும்போதெல்லாம் நறநறவென்று அரைக்கும். பிறகு இறுகவே இறுகாது. மடக்கிப் பூட்டும் கிளிப் வகையில் அழுக்கு வெளியே தெரியும், துடைப்பதும் எளிது; ஆனால் கிளிப் பிளாஸ்டிக்காக இருந்தால் உடைந்துபோகலாம், ஆகவே அதை இறுக்கும் திருகு வெளியே தெரிகிறதா, உதிரிக் கிளிப் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவாமல் அப்படியே மடக்கிப் பையில் போடுவது, நல்ல ட்ரைபாட்டைக்கூடக் கெடுத்துவிடும் பழக்கம். அலுமினியக் குழாயில் உப்புப் பூத்துக் குழி விழும். எஃகுத் திருகுகள் துருப்பிடிக்கும். கால்களை முழுக்க நீட்டிக் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே மடக்க வேண்டும். ஹெட்டுக்குள் மட்டும் தண்ணீரோ எண்ணெயோ போகக் கூடாது.

காற்றையும் அதிர்வையும் கணக்கில் எடுக்காமல் இலகுவான ட்ரைபாட்டை வாங்குவதும் இந்தப் பகுதியில் அடிக்கடி காணும் பிழை. பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், ஒரு கிலோ எடையுள்ள ட்ரைபாட் ஜூம் ஷாட்டுக்கு உதவாது. நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம். ஆனால் பை காற்றில் ஊஞ்சலாடினால் நடுக்கம் கூடுமே தவிரக் குறையாது. அது தரையைச் சற்றே தொட்டுக்கொண்டிருக்கும்படி தொங்கவிட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் தரையே அதிர்கிறது. அந்த அதிர்வை எந்த விலையுள்ள ட்ரைபாட்டும் முழுவதும் நிறுத்தாது. லாரி கடந்து போகும்வரை காத்திருப்பதும், நடைமேம்பாலத்தின்மேல் ஊன்றுவதைத் தவிர்ப்பதும்தான் தீர்வு. இந்த ஒரு காரணத்துக்காக விலை உயர்ந்த கார்பன் ஃபைபர் கால்களை வாங்கத் தேவையில்லை. அந்தப் பணம் ஹெட்டுக்குப் போகட்டும்.

கைபேசியில் எடுப்பவர்கள் ட்ரைபாட்டோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் பிடியை நம்ப வேண்டாம். உலோகப் பிடி தனியாகக் கிடைக்கிறது. அதன் அடியில் 1/4 அங்குலத் துளை இருந்தால் எந்த ட்ரைபாட்டிலும் பொருந்தும். பிளேட்டைப் பொறுத்தவரை, ஆர்கா வகையோ மான்ஃப்ரோட்டோ வகையோ எதுவானாலும், உதிரி பிளேட் கடையில் கிடைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கைநடுக்கத்தைச் சரிசெய்யக் கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் வசதியை, கேமராவை ட்ரைபாட்டில் வைத்ததும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பான் செய்வதைக் கைநடுக்கம் என்று நினைத்து, அது காட்சியைப் பிடித்து வைத்துப் பிறகு விட்டுவிடும். நல்ல ஹெட்டை வாங்கியவர்கள்கூட இதனால் ஹெட்டின்மீது பழி போடுகிறார்கள்.

சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ட்ரைபாட்டுகள், கேமராவை அசைக்காமல் ஒரே இடத்தில் நிறுத்திப் பேசி எடுக்கும் வீடியோவுக்குப் போதும். பான் ஷாட் வேண்டுமென்றால் அவற்றில் ஏமாற்றமே மிஞ்சும். அவசரத்துக்கு, கைப்பிடியின் நுனியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி அதைப் பிடித்து இழுத்தால், தொடக்கத் துள்ளல் ஓரளவு அடங்கும். அடுத்த கட்டத்துக்குப் பணம் சேரும்வரை, வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் நல்ல ஹெட் ஒன்றை ஒரு நாள் எடுத்துப் பயன்படுத்திப் பாருங்கள். எதைத் தேட வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

புதிதாக வாங்கும் அதே பணத்துக்கு, திருமண வீடியோக்காரர் ஒருவர் பயன்படுத்தி விற்கும் பழைய, கனமான ட்ரைபாட் கிடைத்தால் நான் அதையே வாங்கச் சொல்வேன், சில சோதனைகளுக்குப் பிறகு. ஹெட்டின் மூட்டுகளில் எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தடையைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பும்போது உண்மையிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். கால்களைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு காலாக உடல் எடையில் பாதியைப் போட்டு அழுத்தினால், எந்தத் துண்டும் உள்ளே இறங்கக் கூடாது. அடியிலுள்ள ரப்பர் பாதங்கள் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், பாதங்கள் தனியாகக் கிடைக்கும். பிளேட் இல்லாமல் விற்கிறார் என்றால், அந்த மாடலுக்குரிய பிளேட் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.