பால்டர்ஸ் கேட் 3 ஆட வருபவர்கள் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

இந்த மே மாத விடுமுறைக்கு என் அக்கா மகன் பள்ளத்தூர் வீட்டுக்கு வந்து இருபது நாள் தங்கியிருந்தான். மாடி அறையில் அவனும், மடிக்கணினிகளோடு வந்து சேர்ந்த அவனுடைய கூட்டாளிகள் இருவரும் பால்டர்ஸ் கேட் 3 ஆடத் தொடங்கினார்கள். பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, 2023 ஆகஸ்டில் இந்த ஆட்டம் வெளிவந்த புதிதில் நான் என்னென்ன தவறுகளைச் செய்தேனோ அவற்றையே அவர்களும் வரிசை பிசகாமல் செய்வது தெரிந்தது.

பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இந்த ஆட்டம், பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக்கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் விதிகளை அடிப்படையாகக் கொண்டது. சண்டைக்கு முன் சேவ் செய்ய மறப்பது, நெருப்புப் பரவிய தரையில் நடப்பது போன்றவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை பட்டால் அவை தாமாகவே திருந்திவிடும். பட்ட பிறகும் காரணம் விளங்காமல் தொடர்கிற தவறுகளைப் பற்றியே எழுத நினைக்கிறேன்.

பேசப் போகும்போது நால்வரும் ஒரே இடத்தில் நிற்பது

ஆட்டத்தில் நம் குழு நான்கு பேர். யாரிடமாவது பேசச் செல்லும்போது மற்ற மூவரும் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நிற்பார்கள். பேச்சு முற்றிச் சண்டையாகும்போது எதிரிகள் நாலாபுறமும் உயரத்தில் இருப்பார்கள். நம்மவர்கள் நடுவில் கொத்தாக மாட்டிக்கொள்வார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் 15 ஆடுகளையும் கட்டத்தில் இறக்கி முடிக்கும் வரை ஓர் ஆட்டையும் நகர்த்தக் கூடாது. ஆட்டக்காரரின் தலையெழுத்தில் பாதி அந்த இறக்கும் கட்டத்திலேயே முடிவாகிவிடும். இங்கும் அப்படித்தான். கணினியில் ஜி விசையை அழுத்தினால் குழு பிரியும். வில்லாளியையும் மந்திரவாதியையும் முதலில் மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, அதன் பிறகு ஒருவரை மட்டும் பேச அனுப்புங்கள். மேட்டிலிருந்து எய்பவருக்குப் பகடையில் 2 கூடும். பள்ளத்திலிருந்து எய்பவருக்கு 2 குறையும்.

அடியைப் பங்கு போடுவது

நான்கு எதிரிகளுக்கும் ஆளுக்கொரு அடி கொடுத்து எல்லோரையும் அரைகுறையாக விடாதீர்கள். ஓர் உயிர்ப்புள்ளி மிச்சமிருக்கும் எதிரியும் முழு பலத்தோடு வெட்டுவான்.

எடுத்து எடுத்து வைப்பது

நான் மிக விரிவாக எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். இன்று நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் முகாமில் அக்கா மகன் நான்காம் லெவலில் சண்டையிட்டுக்கொண்டிருந்தான். ஐந்து கோப்ளின்கள் ஒரே தூணருகே கூடி நின்றன. அவன் குழுவின் மந்திரவாதியான கேலின் பையில் ஒரு ஃபயர்பால் சுருள் (ஒரே முறை பயன்படும் மந்திரச் சுருள்) இருந்தது. மவுஸின் அம்புக்குறி அந்தச் சுருளின் மேல் வந்து நின்று, அதன் விவரப் பெட்டி திறந்து, சில நொடிகள் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்து, எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரமான ஃபயர் போல்ட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று கேட்டேன். "இது ஒண்ணுதான் அம்மான் இருக்கு, பெரிய சண்டைக்கு வேணும்ல" என்றான். ஃபயர் போல்ட் குறி தவறியது. அடுத்த சுற்றில் ஐந்து கோப்ளின்களும் ஐந்து முறை தாக்கின, குழுவில் குணப்படுத்துபவளான ஷேடோஹார்ட் விழுந்தாள்.

கணக்கைப் பாருங்கள். ஃபயர்பால் எட்டு அறுமுகப் பகடைகளை உருட்டுகிறது. சராசரியாக 28 சேதம், வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவருக்கும். தப்பிக்கும் பகடையில் வென்றவருக்கும் அதில் பாதி உண்டு. நான்காம் லெவலில் ஃபயர் போல்ட் ஒரே ஒரு பத்துமுகப் பகடைதான், சராசரி 5.5, அதுவும் ஒருவருக்கு மட்டும், அதுவும் குறி தவறாமல் இருந்தால். முதல் சுற்றிலேயே மூன்று எதிரிகள் ஒழிந்தால், அடுத்த சுற்றில் நம்மேல் விழ வேண்டிய மூன்று அடிகள் விழாமலே போகின்றன. சுருளைச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததாக அவன் எண்ணினான். அந்த மிச்சத்தின் விலையை ஷேடோஹார்ட் கொடுத்தாள்.

சொல்லப்போனால் நான் இதைவிட மோசமாக ஆடியிருக்கிறேன். முதல் பாகத்தின் கடைசியில் மலைப்பாதைப் பாலத்தருகே நிற்கும் கித்யான்கி என்ற இனத்து வீரர்களிடம் இரண்டு மாலைகளில் நான்கு முறை தோற்றேன். ஆட்டம் நியாயமில்லாமல் கடினமாக இருக்கிறது என்று முடிவு கட்டி, கடினநிலையை எக்ஸ்ப்ளோரருக்கு இறக்கி அந்த இடத்தைக் கடந்தேன். அதன் பிறகு ஒருநாள் பைகளை ஒழுங்குபடுத்தும்போது, தோற்ற அந்த நான்கு சண்டைகளிலும் என்னிடம் ஒன்பது சுருள்களும் பதினான்கு மருந்துக் குப்பிகளும் கிடந்தன என்பதைக் கண்டேன். என் குழுவின் முகாமில் ஒன்பது லாங் ரெஸ்ட்டுக்கு, அதாவது இரவுத் தூக்கத்துக்கு, போதுமான உணவு சேர்ந்திருந்தது. அதுவரை நான் எடுத்திருந்த லாங் ரெஸ்ட் மூன்றே மூன்று. எதிரி பலசாலியாக இருந்ததால் நான் தோற்கவில்லை. மந்திரம் தீர்ந்த களைத்த நால்வரைச் சண்டைக்கு அழைத்துப் போனதால் தோற்றேன்.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் எடுத்து வைப்பது பிறவிக் குணம். பெண் பிறந்த நாளிலிருந்து ஆச்சிமார் சீர்ச் சாமான்களைச் சேர்த்து அறைக்குள் பூட்டி வைப்பார்கள். ஆனால் அந்தப் பாத்திரங்களுக்கென்று ஒரு திருமண நாள் இருக்கிறது. அன்றைக்கு அறை திறக்கும். ஃபயர்பால் சுருளுக்கு அப்படி யாரும் நாள் குறித்து வைக்கவில்லை. பெரிய சண்டை வரும்போது அதற்கும் பெரிய சண்டை ஒன்று பாக்கியிருப்பதாகத் தோன்றும். ஆட்டம் முடியும்போது சுருள் பையிலேயே இருக்கும்.

சுருளாவது அடுத்த நாளுக்கு மிஞ்சும். ஸ்பெல் ஸ்லாட், அதாவது ஒரு நாளில் மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்பு, அதுவும் மிஞ்சாது. நான்காம் லெவல் மந்திரவாதிக்கு முதல் நிலையில் நான்கு, இரண்டாம் நிலையில் மூன்று ஸ்லாட்டுகள். லாங் ரெஸ்ட் எடுத்தால் ஏழும் திரும்பும். இரவு படுக்கப் போகும்போது நான்கு ஸ்லாட் கையிருப்பு இருந்தால், விடிந்ததும் பதினொன்று ஆகிவிடாது, ஏழுதான். பேரேட்டில் முன்னிருப்பாகக் கொண்டுபோக முடியாத தொகையைச் சேமித்து என்ன பயன்?

இந்தத் தவறுக்குக் கதையும் ஒரு காரணம். தலைக்குள் இருக்கும் புழு சில நாட்களில் உங்களை அரக்கனாக மாற்றிவிடும் என்று தொடக்கத்திலேயே பயமுறுத்துவதால், தூங்கினால் நாள் கழிந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப் புழுவுக்கு ஆட்டத்தில் நாட்கணக்கு எதுவும் ஓடவில்லை. தூங்கினால் கைநழுவிப் போகிறவை மிகச் சிலவே. எரிந்துகொண்டிருக்கும் விடுதியின் அருகே போய்விட்டால் உள்ளே இருப்பவர்களை மீட்ட பிறகே படுக்க வேண்டும் என்பது போல. மற்றபடி பேலன்ஸ்டு என்ற நடுத்தரக் கடினநிலையில் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு 40 உணவுப் புள்ளிகள் போதும். பீப்பாய்களையும் பெட்டிகளையும் திறந்து பார்ப்பவருக்கு அது தட்டுப்படாத நாளே இராது. ஆட்டத்தில் நம்மோடு வரும் கூட்டாளிகளின் முக்கியமான உரையாடல்கள் முகாமில் இரவு நேரத்தில்தான் நிகழ்கின்றன. அரிதாகத் தூங்குகிறவர்கள் அவற்றில் சிலவற்றைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், நானும் பார்க்கவில்லை.

அக்கா மகனுக்கு நான் சொன்ன வழி இது. ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டுகள், அதாவது சிறு ஓய்வுகள், உண்டு. ஒவ்வொன்றும் உயிர்ப்புள்ளியில் பாதியளவு மீட்டுத்தரும், வில் (Wyll) என்ற கூட்டாளியைப் போன்ற வார்லாக் வகை மந்திரவாதிக்கு ஸ்லாட்டும் திரும்பும். அவை இரண்டும் தீர்ந்து, மந்திரம் போடும் இருவருக்கும் ஸ்லாட் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சண்டை தொடங்கும்போது மூன்று எதிரிகளுக்கு மேல் ஒன்றாக நின்றால், சுருள் எத்தனை இருக்கிறது என்று எண்ணக் கூடாது. தண்ணீர்க் குப்பியைக்கூட எறியலாம். நனைந்த எதிரிக்கு மின்னல் சேதமும் குளிர் சேதமும் இரட்டிப்பாகும்.

அவன் பழைய சேவ் கோப்பை லோடு செய்து, தூணருகே ஃபயர்பாலை வீசினான். நான்கு கோப்ளின்கள் விழுந்தன.

போனஸ் ஆக்‌ஷன் மிச்சமிருக்க டர்னை முடிப்பது

மருந்து குடிப்பது, குதிப்பது, பள்ளத்தில் தள்ளிவிடுவது ஆகிய மூன்றும், ஒரு டர்னில் முக்கியச் செயலுக்கு மேல் கூடுதலாகச் செய்யக்கூடிய போனஸ் ஆக்‌ஷன்களே. விழுந்த கூட்டாளியை ஹெல்ப் கொடுத்துத் தூக்க அருகே ஓட வேண்டும், முழு ஆக்‌ஷனும் செலவாகும். ஹீலிங் வேர்டு மந்திரம் 18 மீட்டர் தொலைவிலிருந்து போனஸ் ஆக்‌ஷனிலேயே எழுப்பிவிடும். ஷேடோஹார்ட்டிடம் அது எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கான்சன்ட்ரேஷன் மந்திரத்தின் மேல் இன்னொன்று போடுவது

கான்சன்ட்ரேஷன் மந்திரம் என்பது போட்டவர் கவனம் கலையாமல் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியது. ஒருவரால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்க முடியும். பிளெஸ் என்ற ஆசி மந்திரம் நடந்துகொண்டிருக்கையில் வேறொரு கான்சன்ட்ரேஷன் மந்திரத்தைப் போட்டால் பிளெஸ் கலைந்துவிடும். அடிபட்டாலும் கலையலாம், 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரியதோ அதைப் பகடையில் எட்ட வேண்டும். ஆகவே பிளெஸ் போட்டவரை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்.

பழக்கமில்லாத கவசத்தை மந்திரவாதிக்கு மாட்டுவது

மந்திரமே போட முடியாது.

ஐந்தாம் லெவலுக்கு முன் வேறு கிளாஸைக் கலப்பது

கிளாஸ் என்பது ஆளின் தொழில் வகை. கூட்டாளியான லேசெல் போன்ற ஃபைட்டருக்கு (போர்வீரருக்கு) ஒரே டர்னில் இரண்டாவது அடி ஐந்தாம் லெவலில் வருகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பில்ட் (ஆளை வளர்த்த விதம்) கெட்டுவிட்டது என்று முதலிலிருந்து தொடங்குவது

அக்கா மகனின் கூட்டாளிகளில் ஒருவன் பதினாறு மணி நேர ஆட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினான். எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பாழடைந்த கோயிலின் நிலவறையில் விதர்ஸ் என்றொருவர் இருக்கிறார். 100 பொற்காசு கொடுத்தால் கிளாஸ், திறன் அளவுகள் அனைத்தையும் மாற்றிக்கொள்ளலாம்; எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். நிலவறையைக் கண்டுபிடிக்காமல் விட்டவர்களுக்கு, அவரே ஓரிரவு முகாமுக்கு வந்து நிற்பார்.